தோல் வேலை கிட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருக்கிற ஊர்ப்பக்கம் நம்முடையது. ஆனாலும் தோல் வேலைக் கருவிகள் அடங்கிய என் முதல் கிட்டை படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். பெட்டியில் 60 பொருள். பாதிக்கு மேல் பூவும் இலையும் பதிக்கிற அச்சுகள். தினம் கையில் எடுக்க வேண்டிய கத்தி மட்டும் காகிதத்தையே ஒழுங்காக வெட்டவில்லை. எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள்.

முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று முடிவு பண்ணுங்கள். கார்டு வைக்கிற சின்ன பர்ஸ் என்றால் நல்ல கத்தி, இரும்பு ஸ்கேல், வெட்டும் மேட், 4 மில்லிமீட்டர் இடைவெளியில் துளை போடும் பல் உளி, முனை மழுங்கிய ஊசி இரண்டு, 0.8 மில்லிமீட்டர் மெழுகு நூல் போதும். துளை ஏற்கெனவே இருப்பதால் ஊசி கூராக இருந்தால் நூலையும் விரலையும்தான் குத்தும். உளியை இரும்புச் சுத்தியால் அடித்தால் தலை நசுங்கிவிடும், தச்சர் வைத்திருக்கும் கொட்டாப்புளி மாதிரி மரத்தில் ஒன்று வாங்குங்கள்.

அடுத்தது தோல், பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். அச்சு பதிய வேண்டுமென்றால் ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் வேண்டும். ஷூ மேல்பாகத்துக்குப் போவது பெரும்பாலும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது, மெத்தென்று அருமையாக இருக்கும், பர்ஸும் பையும் தைக்கலாம், ஆனால் எவ்வளவு அடித்தாலும் அச்சு நிற்காது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் தோல் பழையபடி வழவழவென்று கிடந்தது. சோதிப்பது சுலபம். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஊறியதும் நகத்தால் அழுத்துங்கள். தாவரத் தோலில் தழும்பு அப்படியே நிற்கும், குரோமில் எழும்பிவிடும். சாயம் உள்வரை போகாத குரோம் தோலை வெட்டிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரியும்.

தடிமனையும் கேட்டு வாங்குங்கள். பர்ஸுக்கு 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர், பெல்ட்டுக்கு 3க்கு மேல். கிட்டோடு வருகிற தோல் பெரும்பாலும் எதற்கும் பொருந்தாது. தோலைத் தனியாக, கையில் மடக்கிப் பார்த்து எடுங்கள், ஆரம்பத்தில் துண்டுத் தோலே போதும்.

நூலைத் தையல் நீளத்துக்கு நான்கு மடங்காவது வெட்டுங்கள். இரண்டு ஊசியும் எதிரெதிராக ஒரே துளையில் போய்வருகிற தையல் இது, நடுவில் நூல் தீர்ந்தால் புது நூல் சேர்த்துத்தான் தொடர வேண்டும்.

அப்புறம், தைப்பதற்கு முன் துண்டுகளை ஒட்டுகிற பசை. வாசனை தலையைச் சுற்றவைக்கும், கதவை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள். மொட்டை மாடியில் சாயங்காலம் உட்கார்ந்து ஒட்டுவதுதான் என் வழக்கம்.