ஜனவரி இலக்கு: கிலோவில் வேண்டாம், நிமிடத்தில் போடுங்கள்

புது ஷூ, ஜிம் உறுப்பினர் அட்டை இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். தையல் கடையில் கிடைக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபிறகு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக்கூடாது! ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டாலே கவனம் தேவை. உடல் எடைக் குறியீட்டில் (பிஎம்ஐ, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. மேல்நாட்டுச் செயலிகள் 25 வரை பச்சை காட்டும், அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி என்ற குடும்ப மருத்துவர் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். முதல் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. சர்க்கரைக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைப் பார்க்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

உங்கள் மோசமான வாரம் எது?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது சிங்கப்பூரின் தேசிய வழிகாட்டி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம்.

எல்லாரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். 150 என்று படித்ததும், லீவு போட்டு வீட்டில் இருக்கும் வாரத்தை மனதில் வைத்துக்கொண்டு அட்டவணை போடுகிறார்கள். அந்த மாதிரி வாரம் வருஷத்தில் எத்தனை வரும்?

எனவே காலண்டரை எடுத்து, வரப்போகும் இரண்டு மாதத்தில் மிக மோசமான வாரத்தைத் தேடுங்கள். பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு விருந்துகள் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் விழும். நைட் ஷிப்ட், பிள்ளைகளின் டியூஷன், ஊரிலிருந்து வரும் மாமியார் எல்லாவற்றையும் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை வேறு ஜனவரியிலும் பிற்பகலில் கொட்டும். இதெல்லாம் போக மிச்சம் என்ன? மூன்று நாள், இருபது இருபது நிமிடம் என்றால் சரி, 60 நிமிடம்தான் உங்கள் இலக்கு. கூச்சப்பட ஒன்றுமில்லை.

நல்ல வாரம் வந்தால் கூடுதலாக நடங்கள், ஆனால் இலக்கை உடனே ஏற்றாதீர்கள். நான்கு வாரம் தொடர்ந்து எட்டிய பிறகு பத்தோ இருபதோ நிமிடம் சேர்க்கலாம். 150-ஐத் தொட ஜூன் ஆனாலும் பரவாயில்லை.

மழைக்கு மாற்று ஏற்பாடும் அன்றே எழுதி வைத்துவிடுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீட்டு புளோக் வரை கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது. தசைக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று

ஒரே சமயத்தில் சோறு, புரோட்டா, தேநீர் எல்லாவற்றையும் நிறுத்தினால் தைப்பூசத்துக்கு முன்பே எல்லாம் திரும்பி வந்துவிடும். தினமும் கடையில் தே (பால் தேநீர்) குடிப்பவர் என்றால் அதை மட்டும் மாற்றுங்கள். சில வாரம் சியூ தாய் (இனிப்பு குறைவாக), அப்புறம் தே சி கோசோங் (சர்க்கரை இல்லாத பால் தேநீர்). டப்பா பானம் வாங்கினால் அதன்மேல் உள்ள நியூட்ரி-கிரேட் தர எழுத்தைப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது ‘டி’, கடைசித் தரம்.

எடையைப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு: வாரத்துக்கு அரை கிலோ இறங்குவதே நல்ல வேகம். தினமும் தராசில் ஏறினால் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும்.

எதில் குறிப்பது?

மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர்தான் என் தேர்வு. குளிர்பதனப் பெட்டிமேல் ஒட்டி, நடந்த நிமிடத்தைப் பேனாவால் எழுதினால் வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள், அந்த வெட்கமே போதும். நடையை எண்ணும் ஹெல்தி 365 செயலி புள்ளி தருகிறது, வைத்துக்கொள்ளலாம். அதற்காகத் தூங்கப்போகும் நேரத்தில் வரவேற்பறையைச் சுற்றி 10,000 காலடியை முடிப்பது அவசியமில்லை. அந்தக் கணக்கே 1960-களில் ஜப்பானில் நடையெண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது பரவியதுதான்.

பிற்சேர்க்கை

நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்த மாதத்தையே மோசமான வாரமாகக் கணக்கில் எடுத்து இலக்கைப் பாதியாக்குங்கள். நோன்பு திறந்து சாப்பாடு இறங்கிய பிறகு மெதுவாக நடக்கலாம்.

படிக்கட்டு ஏறினால் முட்டி வலிக்கிறது என்று இன்னொருவர். பலருக்கு வலி வருவது இறங்கும்போதுதான். ஏறுங்கள், இறங்க லிப்ட் இருக்கிறது. ஏறும்போதும் வலித்தால் படியை விட்டுவிட்டு சமதளத்தில் நடங்கள், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.