ஃபோம் ஸ்பீக்கர் கிரில்லுக்கு வண்ணம் பூசுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஸ்பீக்கரின் முகப்பை மறைக்கும் பஞ்சு போன்ற ஃபோம் கிரில் வெளுத்துவிட்டால், ஸ்ப்ரே டப்பாவை எடுத்துப் பளிச்சென்று நிறம் வரும்வரை அடிக்கத்தான் கை போகும். மரப்பலகைக்கோ இரும்புக் கதவுக்கோ அது பொருந்தும். ஃபோம் கிரில் பலகை அல்ல, வலை. பாலியூரித்தேன் இழைகளுக்கு நடுவே திறந்திருக்கும் நுண்துளைகளின் வழியாகத்தான் ஒலி நம்மிடம் வந்து சேர்கிறது. நிறம் இழையில் ஏற வேண்டும், துளை துளையாகவே இருக்க வேண்டும்.

துளைகள் அடைபட்டால் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். சிம்பல் என்ற உலோகத் தட்டு வாத்தியத்தின் மினுமினுப்பு குறையும், பாடுபவரின் 'ஸ', 'ஷ' ஓசைகள் மழுங்கும். பாஸ் என்னும் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய அப்படியே இருப்பதால், உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர்தான் கெட்டுவிட்டது என்று பலர் அதைக் கழற்றிப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நல்ல ஸ்பீக்கர் ஒன்று வண்ணத்தால் ஊமையாகிறது. சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் நகர்த்தி, பனி படிவதுபோல் மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு கிரில்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வாயால் ஊதியும் பாருங்கள். வெளிச்சமும் காற்றும் முன்புபோல் ஊடுருவவில்லை என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். காய்ந்து இறுகிய வண்ணத்தை அந்தத் துளைகளிலிருந்து எடுக்க வழியில்லை. கட்டம் கட்டமாகப் புடைத்த கிரில் என்றால் நான்கு பக்கமிருந்தும் சாய்வாக அடிக்க வேண்டும். நேராக மட்டும் அடித்தால் பள்ளங்களின் ஓரம் பழைய நிறத்திலேயே நின்றுவிடும்.

கெட்டியான எனாமலைத் தூரிகையால் பூசுவது இன்னொரு தவறு. ஃபோம் வளையும், எனாமல் வளையாது. விரலால் அழுத்தினாலே விரிசல் விட்டு உதிரும். அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பாலியூரித்தேனை ஊதிப் பெருக்கச் செய்யும். துணிக்கும் வினைலுக்கும் உரிய வளையும் தன்மையுள்ள ஸ்ப்ரே, அல்லது நீர்விட்டு நன்றாகத் தளர்த்திய அக்ரிலிக் வண்ணம் பாதுகாப்பானது. எதுவானாலும் பின்பக்க ஓரத்தில் சிறிது அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உயிர் போன ஃபோமுக்கு வண்ணம் பூசுவது. காற்றின் ஈரப்பதத்தால் பாலியூரித்தேன் ஆண்டுக்கணக்கில் சிதைந்துகொண்டே வரும். ஜேபிஎல் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த எல்100 ஸ்பீக்கரின் புகழ்பெற்ற வண்ண ஃபோம் முகப்புகளும் இப்படித்தான் பொடிந்துபோயின. விரலால் மெதுவாக அழுத்துங்கள். மீண்டு எழாமல் பள்ளமாகவே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, தூள் ஒட்டினாலோ, எந்த வண்ணமும் அதைக் காப்பாற்றாது. உதிரும் தூள், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பின் மேலும் ட்வீட்டரின் மேலும் விழும். அளவுக்கு வெட்டிய புதிய திறந்த துளை ஃபோம் வாங்குவதே சரி.

கிரில்லைக் கழற்றாமல் அடிக்கவே கூடாது. துளைகளைத் தாண்டிச் செல்லும் வண்ணத் துளிகள் ட்வீட்டரின் மெல்லிய குவிமாடத்தில் படிந்து அதன் எடையைக் கூட்டும். தூசியோடு பூசுவதும் வீண். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் வைத்து ஒற்றி எடுங்கள். மேல்பக்கம் உலர்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும் என்பதால், அலசிய பிறகு முழுமையாக உலரவிட்டுப் பூசுங்கள். பூசிய பிறகும் ஒரு முழு நாளாவது காற்றோட்டமான நிழலில் விடுங்கள். சூடான காற்றடித்து அவசரப்படுத்த வேண்டாம்.

மாட்டியதும் நன்கு பழகிய ஒரு பாடலை கிரில்லுடன் ஒருமுறையும், இல்லாமல் ஒருமுறையும் கேளுங்கள். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தால், பாட்டுக் கேட்கும் நேரத்தில் கிரில்லைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற நேரத்தில் தூசிக்கு மறைப்பாக மாட்டிக்கொள்ளலாம்.