ஸ்டார் சார்ட்டில் கடைசி வரிசை: வகுப்பறை விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ஒரு வருடம், சுவரில் சார்ட் ஒட்டினேன். இடப்பக்கம் 32 பெயர்கள், எதிரே கட்டங்கள். ஒரு வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னால் ஒரு ஸ்டார். முதல் வாரம் வகுப்பே அமர்க்களப்பட்டது. மணி அடிப்பதற்கு முன்பே "மிஸ், நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்றேன்" என்று மேசையைச் சுற்றி நிற்பார்கள். மூன்றாவது வாரம் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், அதுவும் எப்போதும் அதே ஏழெட்டுப் பேர். இரண்டு ஸ்டாரோடு நின்றுபோன ஒரு சிறுமி, சார்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் இடத்தை விட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டேன். "இங்க காத்து வருது மிஸ்" என்றாள்.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிவிட்டேன். எல்லாரையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் முதல் சில இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் அது போட்டி. கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு, தான் பின்தங்கியதைத் தினமும் சுவரில் பார்ப்பதுதான் மிச்சம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் ஏணி என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து அட்டை அட்டையாக ஏறிப் போகும். அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். இப்போது என் வகுப்பில் அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் கணக்கு: போன வாரம் ஒரு நிமிடத்தில் ஆறு விடை, இந்த வாரம் ஒன்பது. யார் தன் பழைய எண்ணைத் தாண்டினாலும் பொதுப் பாட்டிலில் ஒரு புளியங்கொட்டை விழும். ஆறிலிருந்து ஏழுக்கு வந்தவளுக்கும் முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போனவனுக்கும் ஒரே கொட்டைதான்.

அடுத்தது, பிள்ளைகள் ஆசையாகச் செய்வதற்குப் பரிசு அறிவிப்பது. நல்ல எண்ணத்தோடு செய்வதால் இது தவறு என்றே நமக்குத் தோன்றாது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசு பேசி வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் வரைந்தார்கள். அதனால் கதைப் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கிற பையனுக்கு பேட்ஜ் வேண்டாம். "அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டால் போதும்.

கஹூட் போன்ற ஆன்லைன் வினாடி வினா விளையாட்டுகளில் வேகமாகச் சொன்ன சரியான விடைக்குக் கூடுதல் புள்ளி. ஞாபகத்திலிருந்து சொல்லும் கேள்விக்குச் சரி. யோசித்துப் போட வேண்டிய கணக்குக்கு அப்படி வைத்தால், பிள்ளைகள் குருட்டாம்போக்கில் தட்டுவார்கள். நேரத்தை நீட்டி வையுங்கள், அல்லது அந்தக் கேள்வியைப் புள்ளியில்லாமல் விடுங்கள்.

பேசியதற்காகப் புள்ளியைப் பிடுங்குவதும் வேண்டாம். கணக்கில் வாங்கிய புள்ளி சத்தம் போட்டதால் குறைந்தால், மிஞ்சிய எண் கணக்கையும் சொல்லாது, நடத்தையையும் சொல்லாது.

எந்த விளையாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவரும் முன் ஒன்று செய்து பாருங்கள்: புள்ளியையும் பரிசையும் எடுத்துவிட்டால் பிள்ளைகள் அதை ஆடுவார்களா? பல்லாங்குழி இதில் தேறிவிடும். 14 குழி, குழிக்கு ஐந்து என்றால் 70 கொட்டை. எங்கள் பக்கத்து ஆட்டத்தில், கைக்கொட்டை தீர்ந்ததும் அடுத்த குழியிலிருந்து அள்ளித் தொடர வேண்டும். எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்தான் ஜெயிப்பார். கூட்டலும் மீதியும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பாட்டில் நிறைந்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கொட்டைகளையே கொட்டி ஆடினோம். பலகை இல்லை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டோம். ஜன்னலோரத்துப் பெண் எந்தக் குழியையும் தொடாமல் கண்ணாலேயே வட்டம் வட்டமாக எண்ணிக்கொண்டு போனாள். எதிரில் இருந்தவன் அவசரப்படுத்தினான். "இரு, இன்னும் எண்ணி முடிக்கல" என்றாள்.