கவர் யாரிடம் இருக்கிறது? கலை நிர்வாகிகளை உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியது 1900-இல். மியூசிக் அகாடமி 1928, கலாக்ஷேத்ரா 1936, கூத்துப்பட்டறை 1977. சென்னையில் கலை அமைப்புகளுக்கு வயதாகிறது, நடத்துகிறவர்களுக்கும் வயதாகிறது. "எனக்கப்புறம் யாரு பார்த்துக்கிறது?" என்ற கவலை இல்லாத கமிட்டி இன்று அபூர்வம். அதனால்தான் இளம் நிர்வாகிகளுக்கென்று பயிற்சிகள் முளைக்கின்றன. அவற்றில் சேரும் பிள்ளைகள் முதல் வருஷத்தில் செய்யும் தவறுகளைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கற்றுக்கொடுக்க வந்தவர்கள் தங்கள் முதல் வருஷத்தில் செய்தவையே அவை, கொஞ்சமும் மாறவில்லை.

நேரத்துக்கு வருவது, அழைப்பிதழில் வித்வான் பெயரைப் பிழையில்லாமல் போடுவது, குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி எடுத்து வைப்பது, இதெல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

நன்றாகப் பாடுகிறவர் நன்றாக நடத்துவார் என்று நம்புவது

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக எல்லோரும் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியைக் காட்டுவார்கள். அவர் ஆடினார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆசிரியர்களைத் தேடிக் கொண்டுவந்தார், புடவைக்கென்று தறிக்கூடம் வைத்தார், திருவான்மியூரில் வளாகத்தை எழுப்பினார். இந்த வேலைகள் எதையும் அடவு சொல்லித் தராது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஆறு மணிக்குக் கச்சேரி. நாலு மணிக்கு மிருதங்க வித்வான் பெங்களூரு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். "முதல் போன் யாருக்கு?" என்று கேளுங்கள். வேறு மிருதங்கக்காரரைத் தேடி ஓடுகிறவர் தவறு. முதல் போன் பாடகருக்குப் போக வேண்டும். பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்பது அவர் சொல்ல வேண்டியது. இதைக் கேட்காமலே தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைக்குக் குரல் இல்லாவிட்டால் பரவாயில்லை.

பணத்தைக் கண்ணில் காட்டாமல் பயிற்சி கொடுப்பது

இன்னும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஒரு சபாவில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். டிசம்பர் மூன்றாம் வாரம், மாலைக் கச்சேரி. பட்டு வேட்டி, கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கியோடு ஒரு இளைஞர். மூன்று சீசனாகத் தொண்டு செய்கிறார், 'வருங்காலச் செயலாளர்' என்று மேடையிலேயே அறிமுகப்படுத்தினார்கள். மங்களம் முடிந்து திரை விழுந்ததும் வயலின்காரர் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டார்: "தம்பி, கவர் யாருகிட்ட இருக்கு?"

"செகரட்டரி சார்கிட்ட, சார்."

"அவர் எங்க?"

"கிளம்பிட்டாரு சார்."

சன்மானக் கவரில் எவ்வளவு என்று தம்பிக்குத் தெரியாது. கடத்துக்கும் தனிக் கவர் உண்டா என்றும் தெரியாது. வயலின்காரர் கையெழுத்துப் போட வேண்டிய வவுச்சரைத் தம்பி அதுவரை பார்த்ததே இல்லை. மூன்று வருஷத்தில் அவர் கற்றது மாலை வாங்குவது, நாற்காலி போடுவது, இன்ஸ்டாகிராமில் படம் ஏற்றுவது. இதற்குப் பெயர் பயிற்சி இல்லை, எடுபிடி வேலை. நாளைக்கு அதே செயலாளர் ஆஸ்பத்திரியில் படுத்தால், காசோலைப் புத்தகத்தின் முன்னால் இந்த இளைஞர் திருதிருவென்று விழிப்பார்.

பணம் பார்க்காதவர் போடும் பட்ஜெட் எப்படி இருக்கும்? 300 இருக்கை அரங்கு, சீசன் இல்லாத ஒரு வார நாள். காகிதத்தில் இப்படி எழுதுவார்: டிக்கெட் 300 ரூபாய் வீதம் 90,000, ஸ்பான்சர் 50,000, ஆக வரவு 1,40,000. செலவில் அரங்கு 30,000, கலைஞர் 40,000, மைக் செட் 12,000, அச்சு 8,000, மொத்தம் 90,000. மிச்சம் 50,000 ரூபாய். கமிட்டி கைதட்டும்.

இனி ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பாருங்கள். அரங்கு வாடகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும், 35,400 ஆகும். 'கலைஞர்' என்று எழுதியது பாடகரை மட்டும். வயலின் 10,000, மிருதங்கம் 10,000, கடம் 6,000 என்று பக்கவாத்தியத்துக்கு 26,000 விட்டுப்போயிற்று. வயலின்காரர் வெளியூர், ரயிலும் அறையும் 6,500. காபி, டிபன், அரங்கு ஊழியர்களுக்குக் கொடுப்பது 3,500. உண்மையான செலவு 1,31,400. வரவுப் பக்கம் இன்னும் மோசம். ஸ்பான்சருக்கும் கமிட்டிக்கும் விமர்சகர்களுக்கும் முன்வரிசைகள் போனால் விற்க 250 இருக்கைதான் மிஞ்சும். அதில் பாதி விற்றாலே நல்ல நாள். 125 டிக்கெட், 37,500 ரூபாய். ஸ்பான்சர் பணத்தைச் சேர்த்தாலும் 87,500. துண்டு 43,900.

அதைவிடப் பெரிய பள்ளம் அந்த இரவில் இருக்கிறது. ஸ்பான்சர் கம்பெனி பில் கொடுத்து நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் போடும். கலைஞர்களுக்குக் கவர் அன்று இரவே. ஆக அன்று கையில் இருக்க வேண்டியது துண்டு விழுந்த 43,900 இல்லை, 93,900. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்த நாளில்தான் ஒருவர் நிர்வாகி ஆகத் தொடங்குகிறார். வகுப்பறையில் இதை ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாது. சொந்தக் கையெழுத்தில் ஒரு வவுச்சர் போனால் ஒரே நாளில் ஏறும்.

வரியும் அப்படித்தான். தொழில்முறைக் கட்டணமாக ஒரே நபருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீத டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். ஜூலையில் 40,000 கொடுத்தபோது பிடிக்க வேண்டியதில்லை. அதே பாடகரை ஜனவரியில் மறுபடி 40,000-க்கு அழைத்தால் மொத்தம் 80,000, பிடிக்க வேண்டியது 8,000. புதியவர் இரண்டாவது கவரையும் முழுசாகக் கொடுத்துவிடுவார். பாடகரிடம் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வராது, 8,000 சபா தலையில். பான் எண் வாங்காமல் விட்டால் பிடித்தம் 20 சதவீதம். டிக்கெட்டிலும் ஒரு கோடு உண்டு. கச்சேரிக்கு 500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு. முதல் வரிசைக்குக் கௌரவமாக 600 என்று வைத்தால், ஜி.எஸ்.டி. பதிவுள்ள அமைப்பு அதற்கு வரி கட்ட வேண்டும்.

சரி, பணத்தில் பயிற்சி எப்படிக் கொடுப்பது? முதல் மாதம் மூன்று வருஷ வவுச்சர் கோப்புகளைக் கையில் கொடுத்து, அதிகம் செலவான ஐந்து இனங்களை ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் மாதம் ஆடிட்டர் வரும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள், பேச வேண்டாம், கேட்டால் போதும். மூன்றாம் மாதம் 60 நாற்காலி போடும் ஒரு சிறு நிகழ்ச்சி, மொத்தம் 40,000 ரூபாய். 5,000 வரை அவர் கையெழுத்து மட்டும், அதற்கு மேல் ஒரு மூத்தவரும் சேர்ந்து. நிகழ்ச்சிக்கு முன்பே மூன்று கணக்கு எழுதி வாங்குங்கள்: அரங்கு நிறைந்தால், பாதி நிறைந்தால், மழை பெய்தால். சென்னையில் மூன்றாவது கணக்கு கற்பனை இல்லை. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர் 12, மிக்ஜாம் வந்தது 2023 டிசம்பர் முதல் வாரம். அரங்கு முன்பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்து ஏழு நாளில் கணக்கை அவரே கமிட்டி முன் படிக்க வேண்டும். 4,000 ரூபாய் வரை நஷ்டம் வந்தால் யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது, அதைப் பயிற்சிச் செலவில் எழுதுங்கள். அதற்கு மனசு வராத கமிட்டி இளைஞர்களை உருவாக்குகிறோம் என்று பேனர் கட்டாமல் இருப்பது நல்லது.

ஸ்பான்சர், சி.எஸ்.ஆர்., நன்கொடை எல்லாம் ஒன்றே என்று கற்பிப்பது

மூன்றும் மூன்று பாத்திரம். ஸ்பான்சர் தன் பெயர் தெரியக் காசு கொடுக்கிறார், அது விளம்பர வியாபாரம். சி.எஸ்.ஆர். என்பது 2013 கம்பெனிச் சட்டத்தின்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டிய கடமை. பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது அதன் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு நாள் கூத்துக்கு அந்தப் பணம் வராது. ஒற்றை நிகழ்ச்சிகள் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே தெளிவாக்கிவிட்டது. ஒரு வருஷம் நாதஸ்வர மாணவர்களுக்கு உதவித்தொகை என்று எழுதினால் படிப்பார்கள், மார்கழி விழா என்று எழுதினால் விளம்பரப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் இல்லாத அமைப்பு மனுப் போடவே முடியாது.

நன்கொடையில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ரொக்கம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு மே 31-க்குள் ஏற்றாவிட்டாலும் அதே கதை, அடுத்த வருஷம் அந்த மனிதர் போனை எடுக்க மாட்டார்.

இன்னொரு 'நன்கொடை'யும் உண்டு. மேடை கொடுக்க இளம் கலைஞரின் அப்பாவிடம் வாங்குவது. அதைப் பார்த்து வளரும் இளம் நிர்வாகி அதுதான் வருமான வழி என்று எடுத்துக்கொள்வார். அது வழி இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ்

ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

மயிலாப்பூரோடு ஊர் முடிந்துவிடுகிறது என்று நினைப்பது

சபாவில் பழகியவர் தெருக்கூத்துக் குழுவை நகரத்துக்கு அழைக்கும்போது அப்படியே கச்சேரி அச்சில் வார்க்கப் பார்ப்பார். "நாற்பது நிமிஷம், முடிஞ்சுதா?" விடிய விடிய ஆடுகிற கூத்து அது. ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பிறகு வெளிவருவதற்கே அத்தனை நேரம் ஆகும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வாத்தியாரிடம் ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து பேசுங்கள், எதை விடுவது என்று அவர் சொல்லட்டும். ஒப்பனைக்கு இரண்டு மூன்று மணி நேரம், தரையில் பாய், நல்ல வெளிச்சம், தேங்காய் எண்ணெய், தண்ணீர் வேண்டும். குளிரூட்டிய ஒப்பனை அறையில் சோபா போட்டால் கட்டை (கூத்தின் மர அணிகலன்கள்) கட்டிய ஆள் உட்காரவே முடியாது. பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதக் கூத்துக் காலம். அப்போது ஊர்ப் பந்தலை விட்டு வரச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

கவர் விஷயம் இங்கேயும் வரும். பத்துப் பதினைந்து பேர் வேன் பிடித்து வருகிறார்கள். "முப்பது நாளில் வங்கிக் கணக்குக்கு வரும்" என்பது கம்பெனிக்குச் சொல்கிற வார்த்தை. வேன் வாடகை முன்கூட்டியே போக வேண்டும், பாக்கி அன்று இரவே.

பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவது

2018 அக்டோபரில் கர்னாடக இசை, நடன உலகில் அடுக்கடுக்காகப் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் எழுந்தபோது பல அமைப்புகளில் விசாரிக்க ஒரு குழுகூட இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் தெளிவானது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளியாள். பயிற்சி பெறுகிறவரும் தன்னார்வலரும் சம்பளம் வாங்காவிட்டாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஊழியரே. பத்துக்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்தப் பெயர்களும் போன் எண்களும் ஒப்பனை அறைக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும், செயலாளர் மேஜை டிராயரில் இல்லை. குருவை எதிர்த்துப் புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று பயிற்சியில் கேளுங்கள். அவர்கள் முதலில் எதைச் சொல்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், குருவின் பெயரையா, புகார் கொடுத்தவரின் பெயரையா.

பதிவு எடுத்துவிட்டு உரிமையை எழுதி வாங்காதது

தியாகராஜர் கீர்த்தனைக்குக் காப்புரிமை இல்லை என்பதால் கச்சேரிப் பதிவுக்கும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துகலைஞர் உரிமை தனியாக உண்டு, 50 வருஷம். பாட்டும் எல்லாம் பழசு இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், அவர் பாடல்களின் காப்புரிமை 2033 முடியும்வரை இருக்கிறது. கலைஞர் மேடை ஏறுவதற்கு முன், காபி கொடுக்கும்போதே, ஒரு பக்கக் கடிதம்: எங்கே ஏற்றலாம், எத்தனை நாள், காசு வந்தால் யாருக்கு எவ்வளவு. பக்கவாத்தியக்காரர்களிடமும் வாங்க வேண்டும். அவர்களைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தேதி குறிக்காமல் பொறுப்பைக் கொடுப்பது

"நேரம் வரும்போது ஒப்படைக்கிறேன்" என்றால் வராது. தேதியை எழுதுங்கள். அதோடு ஒரு பட்டியலும்: வங்கியில் யார் கையெழுத்து, நிர்வாகிகள் மாறியதைச் சங்கப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாயிற்றா, இணையதளப் பெயர் யார் பேரில் வாங்கியது, யூடியூப் கணக்கின் கடவுச்சொல், வருமான வரித் தளத்தின் நுழைவு. ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத வேண்டும். பாதி அமைப்புகளில் அது இறந்துபோன பொருளாளரின் போனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அந்த போன் அவர் பேரனிடம் இருக்கிறது. அந்த எண்ணை மாற்றும் வேலையைப் புதியவருக்கு முதல் வாரத்திலேயே கொடுங்கள்.