லட்சத்தீவுக்கு ஃபிளை தூண்டிலோடு போகிறவர்களுக்கு

திருத்துறைப்பூண்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டோரம் கொடுவாய்க்குத் தூண்டில் போட்டுப் பழகிய தம்பிகள் சிலர், லட்சத்தீவில் ஃபிளை தூண்டில், அதாவது இரைக்குப் பதில் இறகு கட்டிய முள்ளை வீசும் தூண்டில், வீச வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்கிறார்கள். எந்த ராட், அதாவது தூண்டில் கம்பு, வாங்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. ராட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் நாளைக் குறியுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். தை பிறந்து பங்குனி முடியும் வரை கடல் அடங்கியிருக்கும். நமக்கும் சம்பா அறுவடை முடிந்து கை ஓயும் காலம் அது.

அந்த மாதங்களிலும் எல்லா நாளும் ஒன்றல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமி, நவமியில் ஏற்றமும் வற்றமும் குறைவு. பவளத்திட்டுகளுக்கு உட்புறம் இருக்கும் ஆழமற்ற நீருக்குள் பாரை இரை தேடி வருவது பெரும்பாலும் நீர் ஏறும்போதுதான். ஆனால் ஃபிளை தூண்டிலில் மீனைக் கண்ணால் பார்த்து, அதன் முன்னால் வீச வேண்டும். அதற்குச் சூரியன் உயர்ந்திருக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரைதான் நீருக்குள் தெளிவாகத் தெரியும். நீர் ஏறுவதும் வெயில் ஏறுவதும் சேரும் நாட்களே உங்கள் நாட்கள். ஏற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாகப்பட்டினத்து ஏற்ற நேரம் அங்கே செல்லாது, லட்சத்தீவின் அகத்தித் தீவுக்கான கணிப்பைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் லட்சத்தீவுக் கடலுக்கும் அலை, காற்று முன்னறிவிப்பு தருகிறது.

நாள் முடிவானதும் நுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். வெளியூர்க்காரர்கள் அனுமதியின்றித் தீவில் கால்வைக்க முடியாது. அனுமதியும் தங்குமிடமும் கையில் வந்த பிறகே விமான டிக்கெட். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியாக எர்ணாகுளம் போகும் ரயிலில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் உண்டு, கப்பலும் உண்டு. விமானத்தில் போனால் தூண்டில் முள், இடுக்கி, கத்தி எல்லாம் சரக்குப் பெட்டிக்குள் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்.

இனி ராட். ஒன்பது அடி நீளம், 9 எண், நான்கு துண்டாகக் கழற்றக்கூடியது. எந்த எடை நூலுக்கான ராட் என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. பெரும்பாரைக்கு 12 எண் வேண்டும், ஆனால் அதை நாள் முழுதும் வீசத் தோளில் வலு வேண்டும். முதல் பயணத்துக்கு 9 போதும். நூலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். குளிர்நாட்டு ஆறுகளுக்கான நூல் வெப்பத்தில் தொய்ந்து வளையங்களில் ஒட்டும். வெப்பமண்டலக் கடலுக்கென்றே செய்த நூலை வாங்குங்கள்.

ஃபிளைக்குத் தானே பறக்கும் அளவு எடை கிடையாது. முள்ளில் இறகும் முடியும் கட்டி இறால்போல, பொடிமீன்போல ஆக்கியிருப்பார்கள். பறப்பது நூலின் எடையால். அதனால் வீச்சுப் பழக்கம் இல்லாமல் அங்கே போவது பணத்துக்குக் கேடு. ஆடிக்காற்றிலேயே பழகத் தொடங்குங்கள். முள்ளை நறுக்கிய ஃபிளையைக் கட்டி, புல்தரையிலோ குளத்திலோ காற்றை எதிர்த்து வீசுங்கள். அறுத்த வயல் வேண்டாம், தாள்கட்டை நூலின் மேல்பூச்சைக் கிழித்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். வாய்க்காலில் விரால் கடித்ததும் கம்பைச் சுண்டித் தூக்குவோம். பாரையிடம் அப்படிச் செய்தால் ஃபிளை அதன் வாயிலிருந்து நழுவிவிடும். ராட் நுனியை நீரை ஒட்டித் தாழ்த்தி, மீனை நோக்கியே நீட்டியிருங்கள். கடி உணர்ந்ததும் இடதுகையால் நூலை நேராக, நீளமாக இழுங்கள். முள் பதிந்தது உறுதியான பிறகே ராட் மேலே வரலாம். தம்பியோ தங்கையோ நூலின் மறுமுனையைப் பிடித்து வெடுக்கென இழுக்க, உங்கள் கை தானாகத் தாழ்ந்து இழுக்கும் வரை பழகுங்கள். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மருந்துக்கடைக்காரன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மணலில் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடந்தால் அது விலகிப்போகும். முதுகில் விஷமுள் உள்ள கல்மீன் விலகாது, கல்லோடு கல்லாகக் கிடக்கும். அதற்குக் கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணி. இரண்டில் எது குத்திவிட்டாலும் தோல் வெந்துபோகாத அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரியில், காலை ஊறவைத்தால் வலி தணியும். வலியில் தோலுக்குச் சூடு தெரியாது, எனவே கூட இருப்பவர் கையை விட்டுப் பார்க்கட்டும். பிறகு உடனே மருத்துவரிடம் போங்கள். பெரிய சிகிச்சை என்றால் கொச்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு வாரம் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் வேண்டும்.

அங்கே போனதும் தீவுக்காரர் ஒருவரைத் துணைக்கு அமர்த்துங்கள். கம்பும் தூண்டிலும் கொண்டே சூரை பிடித்து வாழும் மக்கள் அவர்கள். நீரோட்டம் அவர்களுக்குத் தெரியும். எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே கூடாது என்று அவரிடமும் அதிகாரிகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். தூண்டில் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைத்தால் மீனை நோகாமல் விடலாம்; உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் வரும்.

தினமும் இரவு ரீலையும் ராட் வளையங்களையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமை, ஒரு சொம்பில் நனைத்த துணியால் துடைத்தாலே போதும். விமானமும் கப்பலும் வானிலையால் தள்ளிப்போகும் என்பதால், எர்ணாகுளத்திலிருந்து திரும்பும் ரயிலுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டே முன்பதிவு செய்யுங்கள்.