சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் பேசுகிறதா?

சர்வர்களைக் கோப்பில் எழுதி உருவாக்க உதவும் டெராஃபார்ம் என்ற கருவியில், எழுதியதை ஏடபிள்யூஎஸ் மேகத்தில் நிறைவேற்றும் 'அப்ளை' கட்டளையை ஓட்டி, பச்சை எழுத்தில் 'முடிந்தது' என்று வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுப் படுக்கப் போனவன் நான். காலை 6 மணிக்குப் போன் வந்தது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

தவறு என்னுடையதுதான். என்னென்ன மாறப்போகிறது என்று அப்ளைக்கு முன் டெராஃபார்ம் காட்டும் பிளானில், அந்தச் சர்வரின் பெயருக்கு முன்னால் -/+ என்ற குறி இருந்தது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கப்போகிறேன் என்று அதற்குப் பொருள். வெறும் + ஆக இருக்கும் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். புதிய சர்வருக்குப் புதிய ஐபி முகவரி கிடைத்தது. யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப்போ பழைய முகவரிக்கு மட்டுமே வழிவிட்டுக் காத்திருந்தது.

ஆகவே பிளானை ஒரு கோப்பில் சேமியுங்கள். அதில் -/+ எங்கே என்று தேடிப் படித்த பிறகு, அதே கோப்பையே அப்ளைக்குக் கொடுங்கள். டேட்டாபேஸுக்கு அழிப்பதைத் தடுக்கும் 'பிரிவென்ட் டெஸ்ட்ராய்' போட மறக்க வேண்டாம். உருவாக்கியவற்றை டெராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் கோப்பில் கடவுச்சொற்கள் அப்பட்டமாகக் கிடக்கக்கூடும். அதை, நிரலைச் சேமிக்கும் கிட்டில் ஏற்றாமல், வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருப்பது) போட்ட எஸ்3 பக்கெட்டில் (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புக் கிடங்கு) வையுங்கள். செக்யூரிட்டி குரூப் விதியில் ஐபி எழுதாதீர்கள், இணைப்பு எங்கிருந்து வரலாம் என்ற இடத்தில் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே குறிப்பிடுங்கள். சர்வர் எத்தனை முறை மாறினாலும் விதி மாறாது.

இனி சோதனை. உங்கள் மடிக்கணினியிலிருந்து சோதித்துப் பயனில்லை. சர்வருக்குள் நுழைந்து செய்யுங்கள். முதலில் டிக் கட்டளையால் டேட்டாபேஸின் பெயருக்கு உரிய ஐபி முகவரியைக் கேளுங்கள். உங்கள் விபிசியின் (மேகத்தில் உங்களுக்கான தனி நெட்வொர்க்) முகவரி வரம்பு 10.0.0.0/16 என்றால், 10.0 என்று தொடங்கும் முகவரி வர வேண்டும். அடுத்து, இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கும் என்சி கட்டளையால், 5 விநாடி கெடு வைத்து டேட்டாபேஸின் 5432 போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலை, தட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக இருக்கும் இடம் அது.

இங்கே 'மறுக்கப்பட்டது' என்று வந்தால் நான் மகிழ்ச்சியடைவேன். பெரும்பாலும் பாதை சரியாக இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். பதிலே வராமல் கெடு முடிந்தால்தான் வேலை அதிகம்: செக்யூரிட்டி குரூப், ரூட் டேபிள் (போக்குவரத்துக்கு வழிகாட்டும் பட்டியல்), நெட்வொர்க் ஏசிஎல் (நெட்வொர்க் பகுதியின் வாசலில் நிற்கும் அனுமதிப் பட்டியல்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். செக்யூரிட்டி குரூப் வெளியே போன இணைப்பை நினைவில் வைத்திருந்து பதிலை உள்ளே விடும். ஏசிஎல்லுக்கு அந்த நினைவு கிடையாது. பதில் திரும்ப 1024 முதல் 65535 வரையிலான போர்ட்களைத் தனியாகத் திறந்துவிட வேண்டும்.

கையால் செய்து பழகியதும் இதையே ஸ்கிரிப்ட்டாக்கி, அப்ளை முடிந்ததும் சர்வருக்குள் ஓடும்படி, வேலைகளைத் தானாக வரிசையாக ஓட்டும் பைப்லைனில் சேருங்கள். 15 விநாடி இடைவெளியில் 10 முறை முயலட்டும். சர்வர் எழுந்து முகம் கழுவ நேரம் வேண்டுமல்லவா? பிறகும் தோற்றால் பைப்லைன் சிவப்பாக நிற்க வேண்டும். டெராஃபார்ம் 1.5இல் வந்த 'செக்' என்ற சோதனைப் பகுதி இதற்குப் போதாது, அது எச்சரித்துவிட்டு மேலே போய்விடும்.