ஒரு ஜாம் போத்தல், கொஞ்சம் ஈஸ்ட்: தாக்க வீதத்தை வீட்டிலேயே அளப்பது எப்படி?

குளிரான மலைநகரமான ஹட்டனில் எங்கள் வீட்டில் இரவு கரைத்து வைத்த தோசை மா, காலையில் பார்த்தால் வைத்தது வைத்தபடியே இருக்கும். அதே அளவு அரிசி, அதே அளவு உளுந்து போட்டுக் கொழும்பில் அக்கா அரைத்தால், விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் அம்மா மாப் பாத்திரத்துக்குச் சாக்கைச் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார். தாக்க வீதம் என்று ஒரு பாடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. வீதத்தைக் கூட்டத் தெரியும்.

கூட்டுவதும் குறைப்பதும் சமைக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அளக்கும்போதுதான் தடுமாறுகிறோம். என்னிடம் டியூஷனுக்கு வரும் சாதாரண தரப் பிள்ளைகளிடம் காரணிகளைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள்: வெப்பநிலை, செறிவு, மேற்பரப்பளவு, ஊக்கி, வாயுவாக இருந்தால் அமுக்கம். "சரி, செறிவு கூடினால் வீதம் கூடும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "புத்தகத்தில் இருக்கு சேர்" என்பார்கள். அதற்காகத்தான் இந்தச் செய்முறை. மருந்துக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும் சாமான்களே போதும்.

முதலில் ஒரு விஷயம்

வீதம் வேறு, அளவு வேறு. ஒரு தாக்கத்தில் மொத்தம் எவ்வளவு வாயு வருகிறது என்பது அளவு. ஒரு செக்கனில் எவ்வளவு வருகிறது என்பது வீதம். பரீட்சைத் தாளில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் புள்ளியை விடுகிறார்கள். நாம் அளக்கப்போவது செக்கனுக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசன் வருகிறது என்பதை.

எடுத்துக்கொள்ளும் தாக்கம் ஐதரசன் பேரொட்சைட்டு உடைவது. புண் கழுவ விற்பார்களே, அதே போத்தல். அது தானாகவே நீராகவும் ஒட்சிசனாகவும் உடையும். ஆனால் மாதக்கணக்கில் எடுக்கும். ஈஸ்டுக்குள் இருக்கும் கற்றலேசு என்ற நொதியம் (உயிர்க்கலங்கள் ஆக்கும் ஊக்கி; இங்கே நமக்கு ஊக்கி இதுதான்) பட்டால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். வினாகிரியும் அப்பச் சோடாவும் போட்டுச் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அதில் வரும் காபனீரொட்சைட்டு நீரில் நன்றாகக் கரையும். நீருக்கு மேல் சேகரித்தால் ஒரு பங்கு கரைந்து போய்விடும், கணக்கு உதைக்கும். ஒட்சிசன் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும்.

சாமான்கள்

3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு (லேபிளில் 10 வொலியூம் என்று இருந்தாலும் அதேதான், 6 சதவீதம் என்றால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்). பாண் போடும் உலர் ஈஸ்ட். தகர மூடியுள்ள ஜாம் போத்தல். மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாய் ஒரு மீற்றர். ஒல்லியான பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சி. சிரப் மருந்தோடு வரும் குட்டி அளவுக் கோப்பை. ஒரு பேசின். 0 முதல் 100 பாகை வரை காட்டும் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. போனில் ஸ்டொப்வாட்ச் இருக்கும்.

சலூனில் முடிக்கு நிறம் போடப் பாவிக்கும் கடுமையான பேரொட்சைட்டை எடுக்க வேண்டாம். 3 சதவீதமானாலும் கண்ணில் படக்கூடாது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கோடு போட்ட போத்தல்

தண்ணீர்ப் போத்தலை நிமிர்த்தி வைத்து, சிரிஞ்சியால் 10 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு, மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. இன்னும் 10, இன்னொரு கோடு. 150 வரை போனால் போதும். கோடுகள் அடியிலிருந்து ஏறினால், கவிழ்த்த பிறகு எப்படிச் சரிவரும் என்று பிள்ளைகள் குழம்புவார்கள். கவிழ்த்ததும் அடிப்பக்கம் மேலே போகும், வாயு போய்த் தங்குவதும் அங்கேதான். ஆகவே கோடுகள் வாயுவைச் சரியாகவே அளக்கும். பொறுமையாகச் செய்யுங்கள். இந்தக் கோடு பிழைத்தால் பிறகு எல்லாமே பிழைக்கும்.

படி 2: குழாயும் மூடியும்

ஜாம் மூடியில் ஆணியால் துளை போட்டு, குழாயை இறுக்கமாக நுழைத்து, சுற்றிவர மெழுகோ சூட்டுப் பசையோ வையுங்கள். மூடியைப் போத்தலில் இறுக்கி, மறுமுனையை வாயில் வைத்து மெதுவாக ஊதி, மூடிப் பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. குழாயின் மறுமுனையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். வாயு போக வழியில்லாவிட்டால் போத்தல் வெடிக்கும்.

பேசினில் தண்ணீர் நிரப்பி, கோடு போட்ட போத்தலை முழுதாக நிரப்பி, உள்ளங்கையால் வாயைப் பொத்திக் கவிழ்த்து, குழாய் முனையை உள்ளே விடுங்கள்.

படி 3: ஈஸ்ட் கரைசல்

100 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். சீனி வேண்டாம். பத்து நிமிடம் ஊறட்டும். ஒவ்வொரு தடவை எடுக்கும் முன்னும் கலக்குங்கள். ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், கலக்காமல் எடுத்தால் ஒருமுறை தண்ணீரும் ஒருமுறை கூழும் வரும்.

படி 4: தொடக்கம்

ஜாம் போத்தலில் 10 மில்லிலீற்றர் பேரொட்சைட்டு. குட்டிக் கோப்பையில் 5 மில்லிலீற்றர் ஈஸ்ட் கரைசல். கோப்பையை நிமிர்ந்தபடி போத்தலுக்குள் இறக்கி, மூடியை இறுக்குங்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது போத்தலைச் சரித்துக் கோப்பையைக் கவிழ விடுங்கள், அதே கணத்தில் ஸ்டொப்வாட்ச். ஈஸ்டை ஊற்றிவிட்டு ஓடி ஓடி மூடினால் முதல் சில செக்கன்களின் வாயு பறந்துவிடும். நமக்கு மிக முக்கியமான செக்கன்கள் அவைதாம்.

குழாயில் முதலில் வருவது போத்தலுக்குள் ஏற்கெனவே இருந்த காற்று. பரவாயில்லை, உள்ளே உண்டான ஒட்சிசன் எவ்வளவோ அவ்வளவு காற்றை அது வெளியே தள்ளும்.

ஜாம் போத்தலைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். உள்ளே 400 மில்லிலீற்றர் காற்று இருந்தால், அது 1 பாகை சூடானாலே 1 மில்லிலீற்றருக்கு மேல் விரியும். கழுத்தில் இரண்டு விரலால் பிடித்து, எல்லா முறையும் ஒரே மாதிரி மெதுவாக ஆட்டுங்கள். 10 செக்கனுக்கு ஒருமுறை கோட்டைப் படித்து எழுத வேண்டும். தனியாகச் செய்தால் கண் ஒன்று, கை ஒன்று என்று போகும். போனில் வீடியோ எடுத்துவிட்டுப் பிறகு ஆறுதலாகப் படித்துக்கொள்ளுங்கள். வேகம் தாங்கவில்லை என்றால் ஈஸ்டை இன்னும் ஐதாக்குங்கள்.

படி 5: கணக்கு

விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். 30 செக்கனில் 36 மில்லிலீற்றர், 60 இல் 60, 90 இல் 76, 120 இல் 87. முதல் 30 செக்கனில் சராசரி வீதம் 36 ஐ 30 ஆல் பிரிக்க, செக்கனுக்கு 1.2 மில்லிலீற்றர். அடுத்த 30 செக்கனில் வந்தது 24 தான்; வீதம் 0.8. அதற்கடுத்து 16, அதாவது 0.53. பிறகு 11, அதாவது 0.37. பேரொட்சைட்டு குறையக் குறைய வீதமும் இறங்குகிறது. வரைபுத்தாளில் நேரத்தைக் கிடையாகவும் கனவளவை நிலைக்குத்தாகவும் குறித்தால், செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துக்கொள்ளும் வளைகோடு வரும். தொடக்கத்தில் அந்தக் கோட்டுக்கு ஒரு தொடலி (வளைகோட்டை அந்த இடத்தில் தொட்டுச் செல்லும் நேர்கோடு) வரைந்து சரிவைக் கண்டால் அது தொடக்க வீதம். ஒரு சோதனையை இன்னொன்றோடு ஒப்பிட இதைத்தான் எடுக்க வேண்டும்.

மொத்த அளவைப் பற்றி ஒரு சங்கதி. 10 வொலியூம் என்றால் 1 மில்லிலீற்றர் கரைசல் 10 மில்லிலீற்றர் ஒட்சிசன் தரும் என்று அர்த்தம். ஆக நமக்கு 100 வர வேண்டும். ஹட்டனில் புதுப் போத்தலை உடைத்துச் செய்தால் 120 ஐத் தாண்டும். முதல் தடவை கோடுகளைத்தான் பிழையாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். கோட்டில் பிழையில்லை. அந்த 100 என்பது கடல்மட்ட அமுக்கத்தில், 0 பாகையில் உள்ள கணக்கு. நாங்கள் இருப்பது சுமார் 1270 மீற்றர் உயரத்தில். அமுக்கம் குறைவு, அறையும் 0 பாகையில் இல்லை, அதே வாயு விரிந்து நிற்கும். நுவரெலியாவில் செய்தால் இன்னும் கூடும்.

காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

ஒன்றை மாற்றும்போது மற்றதெல்லாம் அசையக்கூடாது.

செறிவு: 5 மில்லிலீற்றர் பேரொட்சைட்டு, 5 மில்லிலீற்றர் தண்ணீர். மொத்தம் அதே 10. ஈஸ்ட் அதே 5. தொடக்க வீதம் ஏறக்குறையப் பாதியாகும், மொத்த வாயுவும் பாதியாகும். சரியாகப் பாதி வராவிட்டால் பதற வேண்டாம், நொதியங்களுக்குக் கொஞ்சம் சொந்தப் புத்தி உண்டு.

ஊக்கி: பேரொட்சைட்டு பழையபடி 10. ஈஸ்ட் கரைசல் 2.5, தண்ணீர் 2.5. இந்த வளைகோட்டை முதல் வரைபுக்கு மேலேயே வரையுங்கள். தொடக்கத்தில் சோம்பலாக ஏறும். ஆனால் பொறுமையாக விட்டால், கடைசியில் முந்திய கோடு போய் நின்ற அதே உயரத்தில் போய் நிற்கும். ஊக்கி வீதத்தை மாற்றுகிறது, அளவை மாற்றவில்லை. நான் கரும்பலகையில் பத்துத் தரம் சொல்லியும் ஏறாத விஷயம், இரண்டு கோடும் ஒரே உயரத்தில் சேரும்போது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது.

மேற்பரப்பளவுக்கு இந்தத் தாக்கம் சரிப்படாது. தண்ணீரில் போட்டால் பொங்கும் விற்றமின் சி குளிசை மூன்று வாங்குங்கள்: ஒன்று முழுதாக, ஒன்று நாலாக உடைத்து, ஒன்று தூளாக்கி. ஒரே அளவு, ஒரே சூடுள்ள தண்ணீரில் போட்டு, பொங்கி முடியும் நேரத்தைப் பாருங்கள். நேரம் குறைந்தால் வீதம் கூட. லயத்து அடுப்பில் சுள்ளி சட்டென்று பற்றிக்கொள்ள, கட்டை புகைந்துகொண்டு கிடப்பதும் இதே கதை. டஸ்ட் தேயிலை சீக்கிரம் சாயம் இறங்குவதை இதற்கு உதாரணமாக எழுதாதீர்கள். அது கரைவது, இரசாயனத் தாக்கம் அல்ல.

வெப்பநிலை: நான் கோட்டைவிட்ட இடம்

ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்கு, பனி விலகுமுன், முழுச் செறிவோடு ஒரு முறை செய்தேன். வேறு வேலை வந்துவிட்டது. பகல் 1 மணிக்கு, தகரக் கூரையில் வெயில் ஏறிய நேரம், பாதிச் செறிவோடு செய்தேன். இரண்டு தொடக்க வீதமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன. செறிவு வீதத்தைப் பாதிக்காது என்று கண்டுபிடித்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், காலையில குளிரு இல்லையா?" கொப்பியில் வெப்பநிலைக்கு நான் இடமே விடவில்லை.

கொழும்பில் இந்தத் தவறு இவ்வளவு பெரிதாக வெளியே தெரியாது. அங்கே காலைக்கும் பகலுக்கும் வித்தியாசம் சின்னது. மலையில் ஒரே நாளில் 10 பாகை மாறுவது புதினமில்லை. சாதாரண வெப்பநிலைகளில் பல தாக்கங்கள் 10 பாகைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். ஆகவே பேரொட்சைட்டையும் ஈஸ்டையும் ஜாம் போத்தலையும் ஒரே பேசின் தண்ணீரில் 10 நிமிடம் வைத்துவிட்டு, வெப்பநிலையை எழுதிவிட்டுத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர், அறைச் சூடு, 35 பாகை என்று மூன்று முறை செய்தால் போதும். தாக்கமே கொஞ்சம் சூட்டை வெளிவிடும், அதனால் போத்தல் பேசினுக்குள்ளேயே இருக்கட்டும்.

சூடானால் துணிக்கைகள் அதிகம் மோதிக்கொள்கின்றன என்று மட்டும் எழுதுவது அரைகுறை விடை. 10 பாகை ஏறினால் துணிக்கைகளின் சராசரி வேகம் நூற்றுக்கு 2 கூடக் கூடுவதில்லை. அதை வைத்து இரட்டிப்பை விளக்க முடியாது. ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நடக்கத் தேவையான குறைந்தபட்சச் சக்தியை, தாண்டும் அளவுக்குச் சக்தியுள்ள துணிக்கைகளின் பங்குதான் மளமளவென்று ஏறுகிறது. சுவீடனின் அரேனியஸ் 1889 இல் இதைச் சமன்பாடாக்கினார். ஊக்கி செய்வது வேறு வேலை: ஏவற்சக்தி குறைந்த ஒரு குறுக்குப் பாதையைத் திறந்துவிடுகிறது.

இனி கடைசிச் சோதனை. ஈஸ்ட் கரைசலில் கொஞ்சத்தைக் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டுப் பாவியுங்கள். குமிழி வராது. நொதியம் கெட்டுவிட்டது. சூடு கூடினால் வீதம் கூடும் என்ற சூத்திரம் நொதியத்துக்கு ஓர் எல்லை வரைதான்.

தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை செய்பவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். வாட்டிய கொழுந்தை ரோலரில் போட்டு நசுக்குவது, இலைக்குள் தனித்தனியாக இருக்கும் நொதியத்தையும் கற்றச்சின்கள் என்ற சேர்வைகளையும் ஒன்றோடொன்றும் காற்றோடும் சேர்ப்பதற்கு. பிறகு குளிர்ச்சியான, ஈரமான அறையில் பரப்பி வைப்பார்கள். ஒட்சியேறி இலை செம்புநிறமாகும். டீமேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். பதம் வந்ததும் சூட்டு டிரையர். அது ஈரத்தை எடுப்பதோடு நொதியத்தையும் நிறுத்திவிடும். தாமதித்தால் தாக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், தேயிலையின் குணம் கெடும்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோடியம் தயோசல்பேற்றையும் ஐதரோக்குளோரிக் அமிலத்தையும் கலந்து, அடியில் உள்ள புள்ளடி மறையும் நேரத்தை எடுக்கும் சோதனையும் உண்டு. அதை வீட்டில் செய்ய வேண்டாம்; கந்தகவீரொட்சைட்டு வரும், மூச்சடைக்கும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றலாம். கோடு போட்ட போத்தலை எறியாதீர்கள். பிரித்த ஈஸ்ட் பக்கற் எங்கள் பக்க ஈரத்துக்கு அதிக நாள் தாங்காது, அன்றைக்கே பனிஸ் சுட்டுவிடுங்கள். மாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க மறக்க வேண்டாம்.